ஆயிரத்து இருநூறு பக்கப் பேய்க்கதை

அண்ணே,

இன்று பள்ளியில் ஒரு பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்ததும், அந்த வாடை என்னை டத்தோ கிராமாட் சாலை டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அழுகை வரவில்லை. நீங்கள் போய் நான்கு மாதமாகியும் வரவில்லை. காயத்தைத் துடைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வாரத்தில் மூன்று பிற்பகல், நான்கு நான்கு மணி நேரம் அங்கே படுத்திருப்பீர்கள். ஊசி ஏற்றிய இடது கையை அசைக்கக்கூடாது. சூலியா தெருப் பழைய புத்தகக் கடையில் நீங்கள் வாங்கிய பேய் நாவலோ ஆயிரத்து இருநூறு பக்கம். ஒரு கையில் நிற்காது.

"தங்கச்சி, நீ படி லா. நான் கேக்குறேன்."

"இந்தக் குப்பையவா?"

"குப்பைன்னா டீச்சருக்குப் படிக்க வராதா?"

பக்கத்துக் கட்டிலில் மாணிக்கம் அண்ணன் சிரித்தார்.

முதல் நூறு பக்கத்தில் பேயே வரவில்லை. ஒரு குடும்பம் மீன் வாங்கியது, சண்டை போட்டது, மூத்தவளுக்கு மாப்பிள்ளை தேடியது. எரிச்சலோடுதான் படித்தேன். எந்தப் பக்கத்தில் அவர்களுக்காகக் கவலைப்பட ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ஒருநாள் நடுவில் நிறுத்தி, "அண்ணே, உண்மையிலேயே நல்லா எழுதியிருக்காங்க" என்றேன். கண்ணை மூடியபடி, ஏதோ நீங்களே எழுதியதுபோல் சிரித்தீர்கள்.

இருநூறு பக்கம் மிச்சமிருக்கையில், ஒரு காலையில், வீட்டிலேயே உங்கள் இதயம் நின்றுவிட்டது. நமக்கு வேறு யாரும் இல்லை. எல்லாவற்றையும் நானே பார்த்தேன். வந்தவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் மாணிக்கம் அண்ணன் போன் செய்தார்.

"டீச்சர், கேக்கக் கூடாதுதான். அந்தக் கதையில வர்ற சின்னப் பொண்ணு என்ன ஆனா?"

"தெரியலண்ணே. அப்புறம் நான் தொடவே இல்ல."

"வந்து படிக்கிறீங்களா? இங்க நாலு பேரு கேட்டுக்கிட்டே இருக்கோம் லா."

போனேன். உங்கள் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். ஐந்து பிற்பகல்கள்.

கடைசி நாள் அந்த இடம் வந்தது. பட்டப்பகல். வீட்டில் அந்தப் பெண் மட்டும். இறந்துபோன அப்பாவின் காலடிச் சத்தம் மாடிப்படியில் ஏறி வருகிறது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவள் நிற்கிறாள். என் குரல் நின்றுவிட்டது. கைமயிர் எழுந்து நின்றது. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்கா டீச்சர்?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"ரொம்ப."

நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மீதியைப் படித்து முடித்தேன். அவள் கதவைத் திறக்கவில்லை, அண்ணே.

இப்போதும் வகுப்பு முடிந்து தனியாக மாடிப்படி இறங்கும்போது, வெயில் நன்றாக அடித்தாலும், பின்னால் யாரோ வருவதுபோல் உடம்பு சிலிர்க்கிறது. நீங்கள் போன பிறகு எனக்குள் அசைவது அது ஒன்றுதான். அப்போதெல்லாம் நான் வேகமாக இறங்குவதில்லை.