தொரை கிரவுண்டு

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மலையேறும் பஸ் தாமதம். குடையை மறுபடியும் சீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மைதானத்தில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். சுற்றுலா விடுதி வருகிறதாம். என் பள்ளிப் பிள்ளைகள் கிரிக்கெட் பழக இந்தப் பக்கம் இருக்கும் ஒரே சமதரை. பந்து போடும் மல்லிகா கேட்டாள், "அப்ப நாங்க எங்க டீச்சர் ஆடறது?" விசில் ஊதி ஓடச் சொன்னேன்.

நவம்பர் 6, வியாழன்
வெயில். தொண்டைக்கட்டு. மிளகு வாங்க வேண்டும், சேப்டி பின்னும்.

ஹெச்.எம். யோசனை: "வெள்ளைக்காரன் காலத்து கிரிக்கெட் கிரவுண்டுன்னு மனு குடுங்க. பழசுன்னா தொட யோசிப்பாங்க." ஊரே அதைத் தொரை கிரவுண்டு என்றுதான் சொல்கிறது. யார் போட்டது? விவரம் தெரிந்தவர் மல்லிகாவின் அப்பா சின்னாண்டிதானாம்.

நவம்பர் 9, ஞாயிறு
சின்னாண்டி வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. மனுவில் கையெழுத்து கேட்டேன்.

"அது எங்க கொல்லைங்க, சாமை வெதைச்ச நெலம். தொரை பந்து ஆடணும்னு எங்க பாட்டனை வெரட்டிட்டாரு. அப்பறம் அவரையே கூப்ட்டு கல்லு பொறுக்க வுட்டாங்க. ஆட்டம் நடந்தா பந்து எடுத்தாந்து குடுக்கறதும் அவருதான்."

"இப்ப உங்க பொண்ணு ஆடுதுங்களே."

"ஆடட்டும். தொரை குடுத்த எடம்னு மட்டும் நான் எழுதித் தர மாட்டேன்."

மல்லிகா உள்ளேயே இருந்தாள். பஸ்ஸில் மனுவைப் பிரித்தேன். 'ஆங்கிலேயர் நமக்கு விட்டுச்சென்ற அரிய மைதானம்.' என் வாக்கியம். கிழித்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்
ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீஸ். புது மனு. கொல்லையாக இருந்தது, துரை பிடுங்கியது, இப்போது அதே குடும்பத்துப் பெண் அங்கே பந்து போடுவது, எல்லாம் எழுதியிருந்தேன். அலுவலர் முழுக்கப் படித்தார். அதுவே ஆச்சரியம்.

"கொல்லைன்னா பட்டா கீதா? கிரவுண்டுன்னா ரெக்கார்டு கீதா?"

இரண்டும் இல்லை என்றேன்.

"அப்ப நான் இன்னாம்மா பண்றது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே டீ. ஒரே சர்க்கரை.

நவம்பர் 12, புதன்
பனி. பொக்லைன் வந்துவிட்டது. பிட்ச் இருந்த இடத்தில் பள்ளம். ஓரமாகச் சின்னாண்டி. பக்கத்தில் போய் நின்றேன்.

அவரே சொன்னார், "அடியில மண்ணு எப்படி கருப்பா கீது பாருங்க டீச்சர். நல்ல மண்ணு."

சாயங்காலம் பயிற்சிக்கு மல்லிகா வரவில்லை. யாருமே வரவில்லை.