வடித்துக் கொட்டிய குங்குமப்பூ நீர்

பனி நீங்காச் சாரலும் செவ்விழைப் பூவும் உடைய மேல்வரை நாட்டை ஆளும் சித்திரசேன மகாராஜர் திருமுன்புக்கு, வெண்கோட்டு நாட்டு அமைச்சன் காரிநாயன் வணங்கி வரையும் ஓலை. தங்கள் குடிகளும் கழனிகளும் நலமுடன் ஓங்குக.

எங்கள் வேந்தர் கழிமுகப் போரில் வீழ்ந்தபின் அரசியார் ஆதிரைநங்கையார் அழவில்லை. உணவும் உறக்கமும் அரிதாயின. அவையில் வந்து அமர்வார். எதைக் கேட்டாலும் மறுமொழி இராது. ஆதலின் தாங்கள் அன்புடன் விடுத்த குங்குமப்பூவை வெந்நீரில் ஊறவைத்துத் தருமாறு அரண்மனை மருத்துவர் உதிதர் பணித்தார். நீருக்குப் பொன்னிறம் தரும் சத்தே சோர்ந்த மனத்தின் பாரத்தைக் குறைத்து உறக்கம் தரும் என்றும், அளவு மிஞ்சினால் அதுவே கேடாகும் என்றும் அவர் உரைத்தார்.

தொலைவிலிருந்து வரும் மருந்தைக் கழுவித் தருவது எங்கள் அடுக்களை வழக்கம். ஊறவைப்பதையும் கழுவுவதாகவே எண்ணி, மஞ்சள் நீரை வடித்துவிட்டு, வெளிறிய இழைகளைத் தேனில் குழைத்து அரசியாருக்குக் கொடுத்து வந்தனர். குணம் காணாமையால் தங்கள் சரக்கில் கலப்படம் உண்டோ என நானும் ஐயுற்றேன், பொறுத்தருள்க.

வடித்த நீரைக் கொட்டும் பணிப்பெண் பூதி, அதே போரில் கணவனை இழந்தவள். வீணாக்க மனமின்றி அதை அவளே குடித்து வந்தாள். நாளடைவில் உறங்கவும் தொடங்கினாள். தாலி இழந்தவளுக்கு இத்தனை நல்ல தூக்கமா என்று உடன்பணியாளர் குத்திக்காட்டினர். அப்பேச்சு உதிதர் செவிக்கு எட்ட, அவர் விசாரித்தார், பிழை வெளிப்பட்டது. நீரில் இறங்கும் சத்து நீரோடு போயிருக்கிறது.

பூதி அரசியாரின் காலில் விழுந்து பிழை பொறுக்க வேண்டினாள். உதிதர் ஊறிய நீரைக் கிண்ணத்தில் ஏந்தி வர, நெடுநாளைக்குப்பின் அரசியார் வாய் திறந்தார்.

"அவரை மறந்து உறங்கும் மருந்து எனக்கு வேண்டாம்."

பூதி சொன்னாள்:

"மறக்கவில்லை, தாயே. உறங்கினால்தானே கனவில் வருகிறார்."

அரசியார் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினார்.

குணமாயிற்று என்று எழுதும் காலம் இன்னும் வரவில்லை. அருந்துகிறார் என்பது மட்டும் மெய்.

அரசியார் அடுக்களைக்கு இட்ட ஆணை: ஊறிய நீரை இரு கிண்ணங்களில் சமமாக வார்க்க, பூதி அரசியாரின் அருகிலேயே அமர்ந்து அருந்துக. ஆதலின் வரும் பூப்பருவத்தில் இருவருக்குப் போதுமான பூவை, ஒரே தரத்தில், விடுத்தருள வேண்டுகிறோம்.

இது, இவ்வேண்டுகோளை அரசியார் சொல்லக் கேட்டு எழுதி, அவர் முன்னிலையில் இலச்சினையிட்ட ஓலை. தங்கள் கொற்றம் நிலைபெறுக.