பாட்டு நின்ற ஒரு நிமிடம்

என் செல்ல அப்பாவுக்கு,

நான் ஒரு நடனம் செய்திருக்கிறேன். ஆண்டுவிழா என்றாலே கதைப்புத்தகத்தோடு ஓரமாக உட்காரும் உங்கள் மகளா என்று சிரிக்கிறீர்களா?

நம் கடலூர்ப் பள்ளிக்குப் புதிதாக ஒரு டான்ஸ் மிஸ் வந்திருக்கிறார். சினிமாப் பாட்டுக்கு ஸ்டெப் சொல்லித் தரமாட்டார். "வீட்டுல தினமும் பாக்குற அசைவு ஒண்ணு கொண்டாங்க. அதுலேருந்து டான்ஸ் செய்வோம்" என்பார். ஒருவர் ஆடி முடித்ததும் மற்றவர்கள் என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். 'நல்லா இருந்துச்சு மிஸ்' என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

நான் உங்களைக் கொண்டுபோனேன் அப்பா. குழாய் ஸ்பீக்கரோடு வேப்பமரம் ஏறுவது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது, எல்லாம் முடிந்ததும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் வயரைச் சுற்றிக்கொண்டே நடப்பது. நான்கு தோழிகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கடைசி ஒரு நிமிடம் பாட்டு நின்றுவிடும். வயரே இல்லாமல் வயர் சுற்றும் கைகள் மட்டும்தான்.

ஆண்டுவிழாவுக்கு மைக் செட் நம்முடையது, நீங்கள் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து சித்தப்பாதான் பார்த்துக்கொள்கிறார். பாட்டு நின்றதுதான் தாமதம், அம்மன் பாட்டைப் போட்டுவிட்டார். தோழிகள் திகைத்து நிற்க, கூட்டம் சிரித்தது.

"வேணும்னுதான் நிறுத்துனோம் சித்தப்பா."

"மேடைய சும்மா வுடக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே உங்கப்பாதான். நீ அவருக்கே டீச்சரா?"

உங்கள் விதிதானே?

அடுத்தது சிதம்பரத்தில் பள்ளிகளுக்கிடையே போட்டி. அங்கும் எங்களுக்குப் பாட்டுப் போட சித்தப்பாதான் வருவதாக இருந்தது. மறுபடியும் அவர் கை நீண்டால் என் நடனம் அவ்வளவுதான். ஒத்திகைக்கு இழுத்து வந்தேன். முடிந்ததும் மிஸ் போலவே கேட்டேன்.

"என்ன பாத்தீங்க?"

"நாலு பொண்ணுங்க கொசு ஓட்டுதுங்க."

தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு முறை ஆடச் சொன்னேன். இந்த முறை சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"எடது தோள சாச்சிக்கிட்டு... ஏய், இது அண்ணன் வயர் சுத்துறது." என் பக்கம் திரும்பினார். "அதுக்கு ஏன் பாட்டு இல்ல?"

"செட்ட நிறுத்துனப்புறந்தான அப்பா வயர் சுத்துவாரு சித்தப்பா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒத்துக்கொண்டாரா என்றும் தெரியவில்லை.

போட்டியன்று சிதம்பரம் அண்ணாமலை நகர் அரங்கில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பாட்டு நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "யோவ் மைக் செட்டு, தூங்கிட்டியா? பாட்டப் போடுய்யா."

சித்தப்பாவின் விரல் பொத்தான்வரை போனது. பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"பாட்டு அவ்ளோதான். மேடையப் பாரு."

அரங்கம் அடங்கியது. பலகையில் எட்டுக் கால்களின் சத்தம் கேட்டது அப்பா. கடைசிப் பெண் சுற்றிய வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனதும் எழுந்த கைதட்டலில் சித்தப்பா என்னிடம் சொன்னது எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். முதல் பரிசு எங்களுக்கு.

சனிக்கிழமைகளில் ஆறாம் வகுப்புப் பெண்களுக்கு நடனம் செய்யக் கற்றுத்தர மிஸ் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்களில் யாருக்கு மேடையில் சத்தம் வேண்டாமென்று தோன்றினாலும், யார் கத்தினாலும், செட்டுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மைக் செட்டுக்காரர் வீட்டு மூத்த பெண்,
உங்கள் கயல்