மேஸ்திரிக்குச் சூடு வைத்தது யார்?

மார்ச் 4

தம்பிக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இன்று கேட்கப் போவதில்லை.

வாரப் பத்திரிகையில் 'மறக்க முடியாத சர்க்கஸ் நாய்கள்' என்று நீ எழுதியிருப்பதைப் பக்கத்து வீட்டு டீச்சர் கொண்டுவந்தாள். "உங்க தம்பி எழுதினதாமே!" என்று சந்தோஷமாகத்தான் சத்தம் போட்டுப் படித்தாள். படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள்.

மற்ற சர்க்கஸ் கம்பெனி நாய்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறாய். கம்பிமேல் நடந்த கறுப்பு நாய், பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரை ஏமாற்றும் பள்ளிக்கூட நாய்கள், எல்லாம் கண் முன்னால் வந்தன. நம் கம்பெனியின் தீயணைப்புப் படை நாய்களுக்கு வந்ததும் உன் பேனாவுக்கு என்னடா ஆயிற்று? எரியும் பொம்மை வீடு, மணியடித்துக்கொண்டு வரும் குட்டி வண்டி, ஏணியில் ஏறிப் பொம்மைக் குழந்தையைக் கவ்விக்கொண்டு மாடியிலிருந்து குதிக்கும் நம் வெள்ளை நாய் மேஸ்திரி. அதுவரை சரி. "அந்த வெள்ளை நாயைக் காலில் சூடு வைத்துத்தான் பழக்கினார்கள்" என்கிறாயே, யார் வைத்தது? அந்த நாய்களைப் பழக்கியது நான் ஒருத்திதானே!

ஏணியை முதலில் தரையில் படுக்க வைத்து அதன்மேல் நடக்கவிட்டேன். அப்புறம் ஒரு முனைக்குக் கீழே ஒரு செங்கல். நடை பழகியதும் இன்னொரு செங்கல். குதிக்கும்போதெல்லாம் கம்பளி விரித்தவர்களை நம்பாமல் நானே கீழே நின்று பிடித்தேன். அப்படித்தான் என் முழங்கை உடைந்தது.

ஆட்டத்தின் கடைசியில் நம் குட்டி நாய் கடுகு ஓடிவந்து, காலைத் தூக்கி நெருப்பை அணைக்குமே, கூடாரமே விழுந்து விழுந்து சிரிக்குமே, அது நான் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருநாள் அதுவாகச் செய்தது. கறித்துண்டு கொடுத்துக் கொஞ்சினேன், தினமும் செய்தது. சூட்டுக்குப் பயந்த நாய்க்கு அந்தக் குறும்பு வருமா?

அடுத்த இதழில் திருத்து.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமாக இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம்தான். உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லையே. "கஷ்டமான பக்கத்தையும் எழுதுங்க சார்" என்று ஆசிரியர்தான் வற்புறுத்தினார்.

ஆனால் நீ கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நான் கட்டிவிட்ட கதை இல்லை அது. நாம் சேர்ந்திருந்த கடைசி முகாமில், பேண்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்முக்குத் தோல் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நாய்க் கூடாரத்திலிருந்து மேஸ்திரி அலறியது. முடி கருகும் நாற்றம். கூடவே உன் குரல்: "வைடா! இன்னொரு தடவை வை பாக்கலாம்!"

என்னால் தாங்க முடியவில்லை. அப்போதே மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு பேண்டுக் குழுவுக்குப் போனேன். அக்காவாயிற்றே என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. அதற்காவது நீ என்னைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தம்பி


மார்ச் 22

தம்பி,

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாயா? நல்ல காப்பாற்றல்!

"வைடா" என்று நான் கத்தியது முதலாளியின் மச்சானைப் பார்த்து. என் ஆட்டத்தைத் தான் நடத்திப் பேர் வாங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. முழங்கை உடைந்து எனக்குக் கையில் கட்டு. கட்டு மாற்ற நான் டாக்டரிடம் போன சமயம் பார்த்து நாய்களிடம் போயிருக்கிறான். மேஸ்திரி அவன் சொல்லுக்கு ஏணி ஏறவில்லை. கம்பியைக் காய்ச்சி அதன் காலில் வைத்துவிட்டான். நான் உள்ளே வந்தபோது மறுபடியும் கம்பியை நீட்டிக்கொண்டிருந்தான். நடுவில் போய் நின்றேன். வைப்பதானால் என்மேல் வைடா என்றுதான் கத்தினேன். கம்பியைப் போட்டுவிட்டு முதலாளியிடம் ஓடினான். சாயங்காலத்துக்குள் என் வேலை போயிற்று.

உன்னைத் தேடினேன். "உன் தம்பி மூட்டையோட கிளம்பிட்டானே" என்றார்கள். எங்கோ நல்ல இடம் கிடைத்திருக்கும், அவனாவது நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடுகைப் பையில் போட்டுக்கொண்டு, நொண்டும் மேஸ்திரியை நடத்திக்கொண்டு வெளியே வந்தேன். மேஸ்திரி அதற்கப்புறம் ஏணி ஏறவில்லை. நானும் ஏறச் சொல்லவில்லை. என் கட்டிலுக்குக் கீழே படுத்தே கிழமாகிச் செத்தது.

நமக்கு நடுவில் இருந்தது ஒரு கூடாரத் துணிடா. ஒரு விரலால் விலக்கிப் பார்த்திருக்கலாம். என் வீட்டில் சாப்பிட்டாய், என் வேலை ஏன் போயிற்று என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். உன் அத்தான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நாய்க்குச் சூடு வைத்த கை என்று நினைத்துக்கொண்டேவா பிடித்தாய்?

பதில் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். மூலையில் ரெண்டு வரி மறுப்பு போடலாம் என்றார் ஆசிரியர். "சூடு வெச்சதைக் கொட்டை எழுத்துல போட்டீங்களே, நான் சொன்னது பொய்ங்கறதையும் கொட்டை எழுத்துல போடுங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். காபி கொடுத்துப் பார்த்தார்கள், கிளம்பவில்லை. முழுப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். செங்கல், கடுகின் குறும்பு, மச்சானின் கம்பி, எல்லாம் எழுதினேன். நான் கேட்காமலே ஓடிப்போனதையும் எழுதினேன். இதழை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் அங்கே வரலாமா?

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

பக்கத்தைப் படித்தேன். ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாய். அது ஊருக்கு ஆயிற்று. எனக்கு இன்னும் ஆகவில்லை.

வரலாமா என்று கேட்கிறாய். இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டா வந்தாய்? வா. ஆனால் அக்கா மனசு இறங்கிவிட்டாள் என்று பழக்கூடையோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்காதே. காகிதத்தில் திட்டினால் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது. உன்னை எதிரில் உட்காரவைத்துத் திட்ட வேண்டும். பாதியில் எழுந்து போகக் கூடாது. என்ன கேட்கத் தோன்றுகிறதோ அதை அங்கேயே என்னைக் கேட்டுவிட வேண்டும்.

ஒரு நாளில் முடிகிற திட்டு இல்லை. மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு வா.

உன் அக்கா