மதகடிச் சத்தம்

2025 ஜூன் 11, புதன்

கரடியனாறு பக்கம் வேனில் வியாபாரம். "மாமியாரை இருத்த உறுதியான பிளாஸ்டிக் கதிரை!" என்று ஸ்பீக்கரில் கத்தினேன். ஒரு மாமியாரே வந்து வாங்கிக்கொண்டு போனா.

வேனின் இடப்பக்க முன்சில்லு, குழியில் விழுந்தால் டொக்கு டொக்கென்று கத்துகிறது. எங்கள் ஒழுங்கை முகப்பு மதகில் ஏறினால் ஊருக்கே கேட்கும். பெண்சாதி றஸீனா முகம் கழுவி, கேற்றடியில் சிரித்துக்கொண்டு நின்றா. "வண்டி மதகடியில கத்தக்குள்ளயே தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சிருவன் மச்சான்."

அவவுக்கு வயிற்றில் புற்றுநோய், வெட்டி எடுக்கேலாது என்று டொக்டர் சொல்லி மூன்று மாதம். நோவுக்குக் குளிசை மட்டும்தான். அது வேலை செய்கிறது போல. நோவே இல்லை என்கிறா. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூன் 13, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து அசனார் காக்கா வந்து சில்லைப் பிடித்து ஆட்டினார். முப்பது வருடம் பஸ் திருத்தின கை. "சில்லைத் தாங்குற கீழ் மூட்டு, போல் ஜொயின்ட், தேஞ்சி போச்சிடா. ஒரு நாளைக்குச் சில்லு தனியாப் போகும், நீ தனியாப் போவாய்."

"சில்லு முந்தி வீட்ட போனா என்ட தேத்தண்ணியை அதுக்குக் குடுத்திருவா காக்கா."

றஸீனா சிரிக்கவில்லை. "கிடக்கட்டுமே. ஓடுதுதானே," என்றா.

செவ்வாய் றஸீனாவுக்குக் கிளினிக். இந்தக் குலுக்கலில் அவவைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

ஜூன் 14, சனி

வேனுக்குப் புது மூட்டு வாங்கியாச்சு. றஸீனா முகம் கொடுத்துப் பேசுகிறா இல்லை. வேனைக் கவனித்தால் பெண்சாதிக்குப் பொறாமை!

ஜூன் 15, ஞாயிறு

வேம்பு நிழலில் காக்காவோடு வேலை. வேனை ஜக் வைத்துத் தூக்கி, மரக்குற்றி முட்டுக் கொடுத்து, சில்லைக் கழற்றினேன். றஸீனா கதிரையில் இருந்து நட் கழற்றுகிற சாவி எடுத்துத் தந்தா. பதினாலாம் நம்பர் கேட்டால் பன்னிரண்டு தருகிறா. வேண்டுமென்றுதான்!

நட் கழன்றது. மூட்டு மட்டும் விடமாட்டேன் என்றது. அதில் அடிக்காதே, அது பூட்டியிருக்கிற இரும்பின் பக்கத்தில் அடி என்றார் காக்கா. அடித்தேன். கடைசியில் 'டங்' என்று விழுந்தது. பழசு ஆடுகிற பல்லுப்போல் அங்குமிங்கும் ஆடியது. புதுசை இரண்டு கையாலும் அசைக்க முடியவில்லை.

"உனக்கும் ஒண்டு மாத்திவிடட்டா புள்ள?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பிறகு பழைய மூட்டைக் கையில் வைத்துப் பார்த்து, "இதத் திரும்பப் பூட்டேலாதா?" என்று கேட்டா. பகிடி என்று நினைத்தேன்.

ஓட்டிப் பார்த்தேன். மதகில் ஏறி இறங்கியது. ஒரு சத்தமில்லை. பூனை மாதிரி.

ஜூன் 17, செவ்வாய்

கிளினிக். வழி முழுக்க றஸீனா நித்திரை. டொக்டரிடமும் நோவில்லை என்றுதான் சொன்னா.

ஜூன் 18, புதன்

எப்படி எழுத.

கேற்றடியில் ஆளில்லை. இறங்கி ஜன்னலடிக்குப் போனேன். பாயில் சுருண்டு கிடக்கிறா. தலைகணியைக் கடித்துக்கொண்டு. அவவின் தங்கச்சி ரிப்கா காலைத் தேய்க்கிறா.

"சத்தம் கேட்டா சொல்லுடி. அவர் வாற நேரம். நான் எழும்பி முகம் கழுவோணும்."

"இன்னும் கேக்கல்ல ராத்தா. நீங்க படுங்க."

மூணு மாசம். ஒவ்வொரு நாளும் இப்பிடியா? அந்த டொக்கு டொக்கைக் கேட்டுத்தான் எழும்பியிருக்கா. நான் அதையும் கழட்டிட்டன். நான் என்ன மனிசன்?

உள்ளே போகவில்லை. வேனை மதகு வரை பின்னுக்கு எடுத்தேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தேன். பிறகு நீளமாக ஹோர்ன் அடித்தேன். அவ எழும்பி முகம் கழுவும் வரை பத்துத் தரம் சலவாத்து ஓதிவிட்டு வந்தேன்.

கேற்றடியில் நின்றா. முகத்தில் தண்ணீர்.

"என்ன மச்சான், புது மாப்பிள மாதிரி ஹோர்ன் எல்லாம்?"

"வண்டிக்குத் தொண்டை அடைச்சிட்டு. அதான் ஊதிக் காட்டினன்."

ஜூன் 20, வெள்ளி

தனியாகப் போய் டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். பலம் கூடின தண்ணி மருந்து தந்தார். றஸீனாவிடம், ஆஸ்பத்திரியில் பழைய குளிசை முடிந்து போச்சாம், இனி இதுதானாம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. வாயைத் திறந்து குடித்தா.

ஜூலை 7, திங்கள்

மருந்துக்கு நோவு கேட்கிறது. ரிப்காவும் சொன்னா, பகலில் தூங்குகிறாவாம். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் மதகடியில் நின்று ஹோர்ன் அடிக்கிறேன். இப்போது முப்பது சலவாத்து.

ஜூலை 28, திங்கள்

நூறு ஓதியும் கேற்றடியில் ஆளில்லை. உள்ளே இருந்து குரல் மட்டும். "வந்திட்டீங்களா மச்சான்? கேட்டிச்சி."

ஓம் புள்ள. வந்திட்டன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடிய, ஸுபஹுக்குப் பிறகு றஸீனா மௌத். பின்னேரம் அடக்கியாச்சு.

செப்டம்பர் 3, புதன்

இன்றுதான் திரும்பக் கரடியனாறு போனேன். ஸ்பீக்கர் போடவில்லை. அன்றைக்குக் கதிரை வாங்கின மாமியார் வெளியே வந்தா. "என்ன தம்பி, ஏன் இண்டைக்குக் கத்தல்ல?"

"தொண்டை சரியில்லம்மா."

"கதிர நல்லாத்தான் கிடக்கு," என்றா. சிரிக்கப் பார்த்தேன்.

வரும்போது மதகடியில் நிற்கவில்லை. வேன் சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. நானே இறங்கிக் கேற்றைத் திறந்தேன்.