கோட்டுக்கு முன்னால் விழுந்த சுருட்டு

மார்ச் 4
பேத்திக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் இன்றைக்குத் தன் மரப்பெட்டியிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சுருட்டு கொடுத்தார். துப்பாக்கிகளை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிய பிறகு, சுடுதளத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பற்றவைத்தோம். அதற்குள் "பெரியம்மா, சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் கூட்டிப் பொறுக்கும் தோட்டாக் கூடுகளில் ஈயத்தூள் இருக்குமாம், அந்தக் கையால் சுருட்டைத் தொட்டால் வயிற்றுக்குள் போய்விடுமாம். சுருட்டு வெண்ணெய் மாதிரி இருந்தது. புகையை விழுங்கக் கூடாது என்று பாடம் வேறு. நாற்பது வருஷமாகப் பிடிக்கிறவளுக்கு!

மார்ச் 9
பேத்தி இன்று சுட்டதில் ஆறு, நட்டநடுவில். மாஸ்டர் குறிக் காகிதத்தை என்னிடம் காட்டினார். கண் பட்டுவிடும், இதற்கு மேல் எழுத வேண்டாம்.

மார்ச் 13
நாளைக்கு அணித் தேர்வு. பேத்தியைவிட மாஸ்டருக்குத்தான் பதற்றம். புகைகிற சுருட்டோடு சுடும் கோடு வரைக்கும் வந்துவிட்டார்.
"என்ன மாஸ்டர், சுவத்துல இருக்கிற விதியெல்லாம் உங்களுக்குக் கிடையாதா?"
"எழுதி ஒட்டினதே நான்தானே, பெரியம்மா!"
சிரித்தார். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 14
நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.
கடைசிக் குண்டு. எட்டு விழுந்தால் பேத்திக்கு அணியில் இடம். ரைபிளோடு படுத்திருக்கிறாள், இடது கண்ணுக்கு மறைப்பு. அந்தப் பக்கம்தான் மாஸ்டர் நின்றார், வாயில் சுருட்டு. குனிந்தவர் வாயிலிருந்து அது நழுவி, கோட்டைத் தாண்டி, அவள் பக்கமாக உருண்டது. காய்ந்த புல். புகை கிளம்பியது. மனுஷன் யோசிக்கவே இல்லை, எட்டி எடுக்கப் போனார். தலை அவள் துப்பாக்கிக் குழாய்க்கு நேரே —
"நிறுத்து!" என்று கத்தினேன்.
யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும், கூட்டுகிறவள் கத்தினாலும். அங்கே அதுதான் விதி. பேத்தி விரலை எடுத்துவிட்டாள். மறுகோடியிலிருந்து நடுவர் ஓடி வருவதற்குள் மாஸ்டர் பின்னால் வந்துவிட்டார். சுருட்டு அவர் பூட்ஸுக்கு அடியில்.
"யாரு கத்தினது? எதுக்கு?"
நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? அவர் சொல்லுவார் என்று நினைத்தேனா?
காரணமில்லாத கூச்சல் என்று நடுவர் எழுதிக்கொண்டார். போன நேரம் போனதுதானாம். மறுபடி தொடங்கியபோது நாலே விநாடி மிச்சம். அவள் சுடவில்லை. பூஜ்யம்.
வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

மார்ச் 15
நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஓர் இமைப்பு தாமதித்திருந்தால், என் பிள்ளை கையால்... வேண்டாம்.
மூன்று நாளுக்குள் எழுத்தில் கொடுத்தால் மறுபடி விசாரிப்பார்களாம்.
"எழுதாத பாட்டி. அவரு வேலை போயிடும். ஏழு வருஷம் சொல்லிக்கொடுத்தவரு."
"அப்ப உன் இடம்?"
"போகட்டும்."
போகட்டுமாமே! கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகிற சத்தம் எனக்குக் கேட்காதா?

மார்ச் 16
ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து ஒரு பக்கம் எழுதி முடித்தேன். முந்தின நாள் நான் சிரித்ததையும் மறைக்கவில்லை. முதலில் மாஸ்டரிடமே நீட்டினேன். முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்கு வராது.
நின்றபடியே படித்தார். ரொம்ப நேரம்.
"நேரம் தப்பாப் போட்டிருக்கீங்க," என்றார். பேனாவை எடுத்துப் பத்து நாற்பது என்று திருத்தினார். கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 17
கொடுத்துவிட்டேன்.

மார்ச் 21
விசாரணையில் மாஸ்டர் ஒரே வரிதான் பேசினார். "அந்தம்மா எழுதினது அத்தனையும் உண்மை." சுடுதளத்துச் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.
பேத்திக்கு ஒரு குண்டு மட்டும் அனுமதித்தார்கள். நான் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒன்பது.

ஏப்ரல் 12
அணி இன்று காலை புறப்பட்டது. பஸ்ஸுக்கு எதிர்ச்சாரியில் மாஸ்டர் நின்றிருந்தார். பேத்தி பையை என்னிடம் போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினாள்.
திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.
"என்னடி சொன்னாரு?"
"பாதி மூச்சை விட்டுட்டு விசையை அழுத்துன்னாரு. வேற ஒண்ணுமில்ல."
பஸ் போன பிறகும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. சரி, இருக்கட்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் நடந்து போவதைத் தெருமுனை வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.