சுகாதார அதிகாரியின் வெள்ளைக் கோட்டு

கொல்லம் ஆண்டு 1111, மாசி 12.

கோட்டாறு முழுக்க அரிசி ஆலையின் உமிக்கரிதான். தங்கைக்கு மூச்சு இழுக்கிறது. ஆலைக் கரியைப் பற்றி வாப்பா எழுதிய மனுவுக்காக இன்று சுகாதார அதிகாரி வந்தார். ஆலைப்பக்கம் திரும்பாமல் முற்றத்தில் உட்கார்ந்தே சொன்னார்: “ஒங்க வீட்டு ஓலை அடுப்புதான் காரணம்.”

தங்கைக்காக உம்மா நாலு நாளாக அடுப்பே மூட்டவில்லை. மாமி வீட்டுச் சோறுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் எழுந்தபோது வெள்ளைக் கோட்டின் தோளெல்லாம் கரி.

“சார், எங்க அடுப்பு எழும்பி வந்து ஒங்க தோளுல ஏறிச்சா?” என்று கேட்டேன்.

“ஏலே, வாய மூடு!” என்றார் வாப்பா.

அதிகாரி கோட்டைத் தட்டிவிட்டு, ‘அடுப்பு’ என்றே எழுதிக்கொண்டு போனார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் இழுப்பு கூடிவிட்டது. இப்போதும் சுவரில் சாய்ந்தபடி மூச்சுக்குத் தவிக்கிறாள். ஆலை ஓடுகிறது.

எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை சிரிப்பதற்குக்கூட அது நிற்கவேண்டும்.